ஒட்டகச்சிவிங்கியின் இதயமும் குருதியோட்டமும்: அறியப்பட்ட வரலாறு

நிலத்தில் வாழும் விலங்குகளில் மிக உயரமானது ஒட்டகச்சிவிங்கி. வளர்ந்த ஆண் விலங்கு 5 மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 18 அடி உயரம் வரை வளரும். அதன் மூளை, இதயத்திற்கு ஏறத்தாழ 2 மீட்டர் மேலே இருக்கிறது. இவ்வளவு உயரத்திற்குக் குருதியை ஏற்றுவதற்காக, மனிதரின் குருதியழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில் அதன் இதயம் வாழ்நாள் முழுவதும் இயங்குகிறது. மனிதருக்கு இந்த அழுத்தம் இருந்தால் இதயம், சிறுநீரகம், மூளை ஆகியவை பழுதடையும். ஒட்டகச்சிவிங்கிக்கோ அதுவே இயல்பு நிலை.

இது எப்படி இயல்கிறது என்பதை அறிவியல் ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளில், பல தவறான கருத்துகளைத் திருத்திக்கொண்டே இந்த விடை கிடைத்தது. அந்த வரலாற்றையும், சென்னையின் தென்புறநகரான தாம்பரம், வண்டலூர் பகுதியோடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பழமையும்

ஒட்டகம் போன்ற உடலமைப்பும், சிவிங்கியின் உடலில் உள்ளவை போன்ற புள்ளிகளும் கொண்டதால் தமிழில் இது ஒட்டகச்சிவிங்கி எனப்பட்டது. இதன் அறிவியல் பெயர் ஜிராஃபா கேமலோபார்டாலிஸ். 1758-இல் லின்னேயஸ் சூட்டிய ‘கேமலோபார்டாலிஸ்’ என்னும் சிற்றினப் பெயருக்கும் ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்தது என்பதே பொருள். தமிழ்ப் பெயரும் இலத்தீன் பெயரும் ஒரே காட்சியைத்தான் சொல்கின்றன.

இன்று ஒட்டகச்சிவிங்கி ஆப்பிரிக்காவில் மட்டுமே காடுகளில் வாழ்கிறது. ஆனால் அதன் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகள் ஒரு காலத்தில் இந்தியாவிலும் வாழ்ந்தன. இமயமலை அடிவாரத்தில் உள்ள சிவாலிக் குன்றுகளில் கிடைத்த புதைபடிவங்களை ஹியூ ஃபால்கனர், புரோபி காட்லி என்னும் இருவர் ஆராய்ந்தனர். அவற்றுள் பெருத்த உடலும் குட்டையான கழுத்தும் கொண்ட ஒரு விலங்குக்கு 1836-இல் ‘சிவதீரியம்’ என்று பெயரிட்டனர். சிவபெருமானின் பெயரால் அமைந்த இப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. நீண்ட கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கி இனம் ஒன்றின் எச்சங்களும் அதே குன்றுகளில் கிடைத்தன. ஆகவே கழுத்து நீண்டவையும் நீளாதவையுமான இரு கிளைகளும் இந்திய மண்ணில் வாழ்ந்தவையே.

வரலாற்றுக் காலத்தில் ஒட்டகச்சிவிங்கி கடல் வழியாகவே இந்தியாவை அடைந்தது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோனாரக் சூரியன் கோயிலின் சிற்பம் ஒன்றில் உள்ள நீண்ட கழுத்து விலங்கை ஒட்டகச்சிவிங்கி என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். 1414-இல் வங்காள சுல்தான் சைஃபுத்தீன் ஹம்சா ஷா ஓர் ஒட்டகச்சிவிங்கியைச் சீனப் பேரரசர் யுங்லோவுக்குப் பரிசாக அனுப்பினார். ஆப்பிரிக்காவிலிருந்து வங்காளத்திற்கும், அங்கிருந்து சீனாவிற்கும் அந்த விலங்கு கடலிலேயே பயணம் செய்தது. அது அரசவையில் ஓவியமாகவும் தீட்டப்பட்டது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இந்தியப் பெருங்கடலில் பயணங்கள் மேற்கொண்ட காலம் அது. அவர் இலங்கையின் காலியில் நாட்டிய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்துள்ளது. அக்காலக் கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை அது காட்டுகிறது.

சென்னையில் விலங்குக் காட்சிச்சாலை

இந்தியாவில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட தொடக்ககால விலங்குக் காட்சிச்சாலைகளில் ஒன்று சென்னையில் 1855-இல் தொடங்கப்பட்டது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் அதை நிறுவினார். பால்ஃபர் ஓர் அறுவை மருத்துவர். கர்நாடக நவாபின் விலங்குகளைப் பெற்று அருங்காட்சியக வளாகத்தில் அவர் காட்சிக்கு வைத்தார். சில ஆண்டுகளில் இடம் போதாமல் போகவே, அது சென்ட்ரல் நிலையத்திற்கு அருகில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. நகரம் வளர்ந்து அங்கும் நெருக்கடி ஏற்பட்டதால், தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூர் காப்புக்காட்டில் புதிய வளாகம் அமைக்கப்பட்டு 1985-இல் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. மீட்பு மையத்தையும் சேர்த்து அதன் பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டேர்.

தென்னிந்தியாவில் ஒட்டகச்சிவிங்கிகளை நீண்ட காலமாக வளர்த்துவரும் இடம், 1892-இல் தொடங்கப்பட்ட மைசூர் விலங்குக் காட்சிச்சாலை. அங்கு குட்டிகளும் பிறந்துள்ளன. இத்தகைய இடங்களுக்குச் சுற்றுலா செல்லும் பள்ளி மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இவ்வளவு உயரத்துக்கு ரத்தம் எப்படிப் போகிறது?” அதற்கு விடை தேட முதலில் குருதியழுத்தம் என்னும் கருத்து பிறக்க வேண்டியிருந்தது.

அழுத்தத்தை அளக்கக் கற்ற வரலாறு

குருதி உடலில் வட்டமாகச் சுற்றி வருகிறது என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி நிறுவினார். அது எவ்வளவு விசையோடு ஓடுகிறது என்று முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் கால் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயை அவர் இணைத்தார். குருதி அதில் 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. இந்த ஆய்வை 1733-இல் அவர் நூலாக வெளியிட்டார்.

ஹேல்ஸின் அளவு இன்றும் பயன்படும் ஒரு கருத்தைத் தருகிறது. குருதியழுத்தம் என்பது குருதியை எவ்வளவு உயரம் ஏற்ற முடியும் என்பதற்கான அளவு. 1828-இல் புவாசேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் நீண்ட குழாய்க்குப் பதிலாகப் பாதரசத்தைப் பயன்படுத்தினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால், சிறிய கருவியிலேயே அளக்க முடிந்தது. 1896-இல் ரீவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையை அறிமுகப்படுத்தினார். 1905-இல் கொரோட்கோவ், ஸ்டெதஸ்கோப் மூலம் ஒலி கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். மருத்துவமனைகளில் ‘பிபி’ பார்க்கும் முறை இவ்வாறு உருவானது.

கணக்கு சொல்லும் விடை

1 மி.மீ. பாதரச அழுத்தம், குருதியை ஏறத்தாழ 13 மி.மீ. உயரம் தாங்கும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மாணவர்கள் தாங்களே கணக்கிடலாம்.

மனிதரின் மூளை இதயத்திற்கு ஏறத்தாழ 30 செ.மீ. மேலே உள்ளது. அந்த உயரத்தை ஏறுவதில் 23 மி.மீ. அழுத்தம் குறையும். இதயத்தருகே சராசரி அழுத்தம் 95 மி.மீ. என்றால், மூளைக்கு 70 மி.மீ.க்குச் சற்று மேல் கிடைக்கும். அது போதுமானது.

ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த உயரம் 2 மீட்டர். ஏறுவதில் மட்டும் 150 மி.மீ.க்கு மேல் குறையும். அதற்கு மேலும் மூளைக்கு 70 அல்லது 80 மி.மீ. அழுத்தம் தேவை. ஆக, இதயத்தருகே அழுத்தம் 200 மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் அந்த விலங்கு நிமிர்ந்து நிற்கும்போது மயங்காமல் இருக்கும். மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் இதே கணக்கில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு, ஒரு மாடி வீட்டின் மோட்டார் போதாது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், உயிருள்ள விலங்கில் அளந்து பார்க்கும் வரை அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காட்டில் அளந்தவர்கள்

1950-களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பணியாற்றிய ராபர்ட் கோட்ஸ் என்னும் அறுவை மருத்துவர் இந்த வேலையைத் தொடங்கினார். ஜெர்மனியில் பிறந்த இவர், பின்னர் நியூயார்க்கிற்குச் சென்று 1960-இல் மனிதரின் இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் தொடக்ககால அறுவைச் சிகிச்சை ஒன்றைச் செய்தவர். ஒட்டகச்சிவிங்கியின் குருதியோட்டம் பற்றி இவரும் அமெரிக்க இதய மருத்துவர் ஜேம்ஸ் வாரன், ஜெர்மானிய உடலியலாளர் ஓட்டோ கவுர் உள்ளிட்டோரும் செய்த ஆய்வு 1960-இல் வெளிவந்தது. இதயத்தருகே மிக உயர்ந்த அழுத்தமும், தலையருகே மற்ற பாலூட்டிகளுக்கு உரிய சாதாரண அழுத்தமும் இருப்பதை அது காட்டியது.

பிடித்துக் கட்டப்பட்ட விலங்கின் அழுத்தம் அச்சத்தால் உயர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எஞ்சியது. அதைத் தீர்க்க ராபர்ட் வான் சிட்டர்ஸ் குழுவினர், அழுத்தத்தை வானொலி அலை மூலம் அனுப்பும் சிறு கருவியை விலங்கின் கழுத்துத் தமனியில் பொருத்தினர். பின்னர் அதை அவிழ்த்துவிட்டு, அது நிற்கும்போதும் நடக்கும்போதும் ஓடும்போதும் தொலைவிலிருந்தே அளந்தனர். 1966-இல் வெளியான இந்த ஆய்வு, உயர் அழுத்தம் அச்சத்தால் வந்ததல்ல, அந்த விலங்கின் இயல்பே அது என்பதை உறுதி செய்தது.

இந்த ஆய்வுகளில் இருந்த இடரையும் சொல்ல வேண்டும். ஒட்டகச்சிவிங்கியை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பது இன்றும் ஆபத்தான செயலே. கீழே விழுந்தால் கழுத்தோ காலோ முறியலாம். தலை தாழ்ந்து கிடந்தால் இரைப்பை உணவு மேலேறி மூச்சுக்குழலில் புகலாம். காட்டுயிர் மருத்துவர்கள் மயங்கிய விலங்கின் தலையையும் கழுத்தையும் பலர் தாங்கிப் பிடிக்கச் செய்வது இதனால்தான்.

பெரிய இதயம் என்ற தவறான கருத்து

ஒட்டகச்சிவிங்கிக்கு உடலுக்குப் பொருந்தாத மிகப்பெரிய இதயம் இருக்கிறது என்று பல நூல்களில் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. உயர் அழுத்தத்திற்குப் பெரிய இதயம் வேண்டும் என்ற எண்ணம் நியாயமாகவே தோன்றும். ஆனால் கிரஹாம் மிட்செல், ஜான் ஸ்கின்னர் ஆகியோர் பல வயதுகளில் உள்ள விலங்குகளின் இதயங்களை எடையிட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. இதயத்தின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு மட்டுமே. மற்ற பாலூட்டிகளிலும் இதே அளவுதான்.

வேறுபாடு இதயத்தின் அளவில் இல்லை. அதன் அமைப்பில் இருந்தது. உடலுக்குக் குருதியைத் தள்ளும் இடது கீழறையின் சுவர் மிகத் தடிமனானது. கழுத்து நீள நீள இந்தச் சுவரும் தடிக்கிறது. அதே நேரத்தில் உள்ளறை சிறியதாகவே இருக்கிறது.

இதன் பயனை இயற்பியல் விதி ஒன்று விளக்குகிறது. ஒரு குழிவான உறையின் சுவரில் ஏற்படும் இழுவிசை, உள்ளே உள்ள அழுத்தத்தையும் உள்ளறையின் ஆரத்தையும் பொறுத்துக் கூடும். சுவரின் தடிமனைப் பொறுத்துக் குறையும். அழுத்தம் இரு மடங்கானாலும், ஆரம் சிறியதாகவும் சுவர் தடிமனாகவும் இருந்தால், ஒவ்வொரு தசையிழையும் சுமக்கும் பாரம் கூடுவதில்லை. 2016-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதை உயிருள்ள விலங்குகளில் அளந்து காட்டினர். இதற்கு ஒரு விலையும் உண்டு. உள்ளறை சிறியதாக இருப்பதால், ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியின் அளவு அந்த உடலுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு.

வடிகுழாய் வாதம்

1980-களின் இறுதியில் வேறொரு வாதம் எழுந்தது. பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் வழியாக மண்ணெண்ணெய் எடுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் இறங்கும் எண்ணெய், மறுபக்கம் ஏறும் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதே போல் கழுத்துச் சிரையில் இறங்கும் குருதி, கழுத்துத் தமனியில் ஏறும் குருதியை இழுக்காதா? அப்படியானால் இதயம் உயரத்திற்கு எதிராக உழைக்க வேண்டியதில்லை என்று சில உடலியலாளர்கள் வாதிட்டனர்.

இந்த வாதத்தில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. வடிகுழாய் வேலை செய்யக் குழாயின் சுவர் விறைப்பாக இருக்க வேண்டும். உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் இது நடக்காது. கழுத்துச் சிரையின் சுவர் மெல்லியது. நிமிர்ந்து நிற்கும்போது அது ஓரளவு ஒட்டிக்கிடக்கிறது. மேலும், வடிகுழாய் இயங்கினால் சிரையின் மேற்பகுதியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது அது குறையாமல், கீழ்ப்பகுதியைவிட மேற்பகுதியில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆகவே சிரையில் குருதி தடைபட்டு வழிந்து இறங்குகிறது. மேலே ஏறும் குருதியை அது இழுப்பதில்லை. ரோஜர் சீமோர், ஆலன் ஹார்கன்ஸ், டிமோதி பெட்லி ஆகியோர் 1990-களில் இதை எடுத்துக்காட்டினர். இதயமே முழு உயரத்திற்கும் உழைக்கிறது என்பது இதனால் நிலைபெற்றது.

வீங்காத கால்கள்

தலைக்கு மேலேற்றுவது ஒரு சிக்கல் என்றால், காலில் தேங்காமல் காப்பது இன்னொரு சிக்கல். இதயத்தின் 200 மி.மீ. அழுத்தத்தோடு, இதயத்திலிருந்து குளம்பு வரை உள்ள குருதித் தம்பத்தின் அழுத்தமும் சேர்ந்தால், கணக்கின்படி பாதத்தில் 350 மி.மீ. அளவுக்கு வரும். நெடுநேரம் நின்று வேலை செய்யும் மனிதரின் கால் மாலையில் வீங்குகிறது. பகல் முழுவதும் நின்றே மேயும் ஒட்டகச்சிவிங்கியின் கால் ஏன் வீங்குவதில்லை?

அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவில் பணியாற்றிய ஆலன் ஹார்கன்ஸ் குழுவினர் 1987-இல் இதற்கு விடை தந்தனர். முதலாவது, கால்களின் தோல் மிக இறுக்கமானது. அது நீர் திசுவில் கசிந்து தேங்க இடம் தருவதில்லை. நடக்கும்போது தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் நீர் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இரண்டாவது, குருதி தந்துகிகளுக்குள் நுழையும் முன்பே சிறு தமனிகள் சுருங்கி அழுத்தத்தைக் குறைக்கின்றன. மூன்றாவது, தந்துகிகளின் சுவர் வழியாகப் புரதங்கள் எளிதில் கசிவதில்லை.

2011-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டனர். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தமனி திடீரென்று குறுகுகிறது. அதன் சுவர் தடித்து, நரம்புகள் நிறைந்துள்ளது. தேவைக்கேற்பக் கீழே செல்லும் குருதியைக் கட்டுப்படுத்தும் வாயிலாக அது இயங்குவதாகக் கருதப்படுகிறது. வாய்க்காலின் மதகை இதற்கு ஒப்பிடலாம்.

தண்ணீர் குடிக்கும் நேரம்

தண்ணீர் குடிக்க ஒட்டகச்சிவிங்கி முன்கால்களை அகட்டித் தலையைத் தாழ்த்துகிறது. இதயத்திற்கு 2 மீட்டர் மேலே இருந்த மூளை, சில நொடிகளில் இதயத்திற்குக் கீழே வந்துவிடுகிறது. குருதி மூளைக்குள் பாய்ந்து சேதப்படுத்தாமல் இருப்பது எப்படி? திடீரென நிமிரும்போது மயங்காமல் இருப்பது எப்படி?

மூளையின் அடியில் நுண்ணிய தமனிகள் பின்னிய ‘வியத்தகு வலை’ ஒன்று உள்ளது. அதுவே முழுக் காரணம் என்று முன்பு எண்ணப்பட்டது. இன்று பல காரணிகள் சேர்ந்து செயல்படுவதாக அறியப்பட்டுள்ளது. தலை தாழும்போது, அகன்ற கழுத்துச் சிரையில் 1 லிட்டருக்கும் மேல் குருதி தேங்குகிறது. அதனால் இதயத்திற்குத் திரும்பும் குருதி குறைகிறது. இதயம் வெளியேற்றும் அளவும் அழுத்தமும் தாமாகவே இறங்குகின்றன. தலை நிமிரும்போது தேங்கிய குருதி உடனே இதயத்தை அடைந்து, அழுத்தம் மீண்டும் உயர்கிறது. கழுத்துச் சிரையில் உள்ள அடைப்பிதழ்கள், குருதி தலையை நோக்கித் திரும்பி ஓடுவதைத் தடுக்கின்றன. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் நொடிக்கு நொடி இதயத்தின் வேகத்தைச் சரிசெய்கின்றன.

தாம்பரமும் விமானிகளும்

வண்டலூருக்கு வடக்கே உள்ள தாம்பரத்தில் இந்திய வான்படைத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954 முதல் இங்கு இயங்கி வருகிறது. ஒட்டகச்சிவிங்கி எதிர்கொள்ளும் அதே சிக்கலை விமானிகளும் எதிர்கொள்கின்றனர்.

விமானம் வேகமாகத் திரும்பும்போதோ கீழிருந்து மேலே வளையும்போதோ, விமானியின் உடல் எடை பல மடங்கு கூடியதுபோல் ஆகிறது. ஐந்து மடங்கு ஈர்ப்பு விசையில், இதயத்திலிருந்து மூளை வரை உள்ள 30 செ.மீ. உயரம் 1.5 மீட்டர் உயரத்திற்குச் சமமாகிவிடும். 23 மி.மீ. ஆக இருந்த இழப்பு 115 மி.மீ. ஆகும். இதயம் தரும் 95 மி.மீ. அழுத்தம் அதற்குப் போதாது. முதலில் பார்வை மங்கும், பிறகு இருளும், அதற்கும் பிறகு நினைவு தவறும். சில நொடிகளுக்கு விமானி ஒட்டகச்சிவிங்கியின் உயரத்தையும் மனிதரின் இதயத்தையும் கொண்டவராக ஆகிவிடுகிறார்.

இதைத் தடுக்கப் போர் விமானிகள் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் உடை அணிகின்றனர். தசைகளை இறுக்கி மூச்சை அடக்கும் பயிற்சியும் பெறுகின்றனர். வான்படை மருத்துவத்திற்காகப் பெங்களூரில் 1957-இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தில், விமானிகளைச் சுழற்றிப் பயிற்சி தரும் கருவி உண்டு. இந்த உடை ஒட்டகச்சிவிங்கியின் காலைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று சொல்லப்படுவதுண்டு. ஆண்டுகளைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. கனடாவின் வில்பர் ஃபிராங்க்ஸ் தண்ணீர் நிரப்பிய உடையை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே உருவாக்கிவிட்டார். ஒட்டகச்சிவிங்கியின் கால் அளக்கப்பட்டது அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரே சிக்கலுக்கு மனிதரும் இயற்கையும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டுள்ளனர் என்பதே சரி.

மரபணு ஆய்வும் மனிதரின் உயர் அழுத்தமும்

2021-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒட்டகச்சிவிங்கியில் பெரிதும் மாறியிருக்கும் ‘எஃப்ஜிஎஃப்ஆர்எல்1’ என்னும் மரபணு குறிப்பிடப்பட்டது. அந்த மாற்றத்தைச் சுண்டெலிகளில் புகுத்தி, மருந்தால் அவற்றின் குருதியழுத்தத்தை உயர்த்தியபோது, மற்ற எலிகளைவிட இவற்றின் இதயமும் சிறுநீரகமும் குறைவாகவே பாதிக்கப்பட்டன. இது சுண்டெலியில் கிடைத்த முடிவு மட்டுமே. மனிதருக்கான மருந்தாக ஆகிவிடவில்லை.

மனிதருக்கு அழுத்தம் உயரும்போதும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. ஆனால் அந்தத் தடிப்பு நார்த்திசுவோடு சேர்ந்து இறுகி, நாளடைவில் இதயத்தைச் செயலிழக்கச் செய்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் சுவர் வளர்ச்சியோடு சேர்ந்து, திட்டமிட்டதுபோல் தடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முழுமையாகப் புரிந்துகொள்வதே இன்றைய ஆய்வின் நோக்கம்.

உயர் குருதியழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் 2021 ஆகஸ்டு 5-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், குருதியழுத்தமும் சர்க்கரையும் வீடு தேடிச் சென்று பார்க்கப்படுகின்றன. மேலே சொன்ன கணக்கு இங்கும் உதவும். அழுத்தம் பார்க்கும்போது கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் அளவு ஏறத்தாழ 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும், 10 செ.மீ. மேலே தூக்கியிருந்தால் அதே அளவு குறைவாகக் காட்டும். 140 என்ற எல்லையை ஒட்டி இருப்பவருக்கு, மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதையே இது மாற்றிவிடும். முதியோர் படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து பிறகு நிற்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஒட்டகச்சிவிங்கிக்கு உள்ள விரைவான சரிசெய்தல் வயதான மனித உடலில் தளர்ந்துவிடுகிறது.

இன்றைய நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-இல் ஒட்டகச்சிவிங்கியை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. 1985-இல் ஒன்றரை இலட்சத்திற்கு மேல் இருந்த எண்ணிக்கை, 2015-இல் ஒரு இலட்சத்திற்கும் கீழே குறைந்திருந்தது. வாழிட இழப்பு, வேட்டை, உள்நாட்டுப் போர்கள் ஆகியவை முதன்மைக் காரணங்கள். 2019-இல் இவ்விலங்கின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மனிதரைப் போலவே ஏழு எலும்புகள்தான் உள்ளன. இதயத்தின் விகிதமும் மற்ற பாலூட்டிகளின் விகிதமே. பொதுவான உறுப்புகளைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே அது இந்த உயரத்தில் வாழ்கிறது. ஹேல்ஸின் கண்ணாடிக் குழாய் முதல் மரபணு ஆய்வு வரை, அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்துள்ளன. உயர் அழுத்தத்தோடு நலமாக வாழும் வழியை அறிந்திருக்கும் ஒரு விலங்கு காடுகளில் குறைந்துவருவது, ஆப்பிரிக்காவுக்கு மட்டுமான இழப்பு அல்ல. மாத்திரையோடு நாளைத் தொடங்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு.